துணையை இழந்தபின் பிள்ளைகளோடு மாட வீதித் திருவிழாவுக்கு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கும்போது, எங்கள் மனநலப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. கேட்பவர்கள் கணவரையோ மனைவியையோ அண்மையில் இழந்தவர்கள். தூக்கமின்மைக்காகவோ, பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுப்பதற்காகவோ வந்திருப்பார்கள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் வேளையில், “டாக்டர், இந்த வருஷம் பசங்களை அறுபத்துமூவருக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?” என்பார்கள். மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடிய விடை இதற்கு இல்லை. ஆகவே இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பத்து நாள் விழாவில் எட்டாம் நாள்தான் அறுபத்துமூவர் விழா. பிற்பகலில் நாயன்மார்களின் திருவுருவங்கள் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வரும். அன்று நான்கு மாட வீதிகளிலும் கால் வைக்க இடமிராது. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை நீர்மோரும் பானகமும் வழங்குவார்கள். புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் தொன்னையில் வரும். நடைபாதை எங்கும் சொப்புச் சாமான், கண்ணாடி வளையல், பலூன், ஊதல், மண் உண்டியல். மயிலாப்பூரிலும் சுற்றுப்புறங்களிலும் வளர்ந்த குடும்பங்களுக்கு இது வழிபாடு மட்டுமன்று. மணமான முதல் ஆண்டில் இருவராகச் சென்ற இடம், பின்னர்க் கைக்குழந்தையோடு சென்ற இடம். ஒவ்வொரு மூலையிலும் மறைந்தவர் நிற்கிறார். போகலாமா என்ற கேள்வி எழுவது இதனால்தான்.

திருவிழாவுக்கு ஏன் இத்தனை வலிமை?

துயரம் வீட்டிலும் இருக்கிறது. ஆயினும் வீட்டில் அது நாளும் பழகிய துயரம். வெற்று நாற்காலியைப் பலநூறு முறை பார்த்தாகிவிட்டது. திருவிழாவோ ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அங்குள்ள நினைவுகள் இழப்புக்கு முந்தைய நிலையிலேயே உறைந்திருக்கின்றன. மேலும், அங்கு மணங்கள் மிகுதி. மல்லிகை, மரிக்கொழுந்து, கற்பூரம், மணலில் வறுபடும் வேர்க்கடலை. பார்வையும் ஒலியும் மூளையில் தாலமஸ் என்னும் இடைநிலையத்தின் வழியாகவே மேற்பகுதிகளை அடைகின்றன. மணத்திற்கு அவ்விடைநிலையம் கட்டாயமில்லை. உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸையும் அது மிகக் குறுகிய வழியில் சென்றடைகிறது. பார்த்ததைப் பற்றி எண்ணத் தொடங்கும் முன்பே, நுகர்ந்தது நெஞ்சை அடைத்துவிடுவதற்கு இது ஒரு காரணம். “கூட்டத்தைப் பார்த்துகூட அழவில்லை, கடலை வாசனைக்கு அழுதுவிட்டேன்” என்று ஒருவர் வெட்கத்தோடு சொன்னார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவ்வாறு எழும் துயரத்தின் இயல்பை 1944-இலேயே எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் பதிவு செய்துள்ளார். 1942-இல் பாஸ்டன் நகரின் கோகோனட் குரோவ் கேளிக்கை விடுதியில் ஏற்பட்ட தீ விபத்தில் 492 பேர் இறந்தனர். உறவினரை இழந்தவர்கள் பலரை அவர் கவனித்தார். தொண்டை இறுகுதல், மூச்சு முட்டுதல், பெருமூச்சு, வயிறு வெறுமையாதல், கைகால் சோர்தல் ஆகியவை அலை அலையாக வருகின்றன. ஓர் அலை ஏறத்தாழ இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கிறது என்று எழுதினார். திருவிழாவுக்குச் செல்பவருக்கு இச்செய்தி மிகவும் பயன்படும். அலை வரும், அது வடிந்தும் போகும். அது வடியும்வரை அமர ஓர் இடம் இருந்தால் போதும். நெருக்கடியான வீதியின் நடுவில் அலை வரும்போதுதான் மனிதர்கள் நிலைகுலைகிறார்கள். எனவே, செல்லும் முன்பே அமரத்தக்க ஓரிடத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவ்வீதிகளில் குடியிருக்கும் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோ வாயிற்படியோ கிடைத்தால் மிக நன்று.

இங்கே மருத்துவர் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மார்பில் அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் அதைத் துயரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நெருங்கியவரை இழந்தபின், குறிப்பாக முதல் சில நாள்களிலும் வாரங்களிலும், மாரடைப்பின் வாய்ப்பு கூடுகிறது. ‘டகோட்சுபோ’ எனப்படும் தற்காலிக இதயத்தசைத் தளர்ச்சியும் பெருந்துயரை ஒட்டி வரக்கூடியது. 1990-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இவற்றைப் பிரித்தறிய ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் தேவை. கூட்டத்தில் நின்றுகொண்டு ஊகிக்க இயலாது.

எப்போது செல்லலாம்?

ஓராண்டுக் காலம் எந்த விழாவிலும் கலந்துகொள்வதில்லை என்பது பல குடும்பங்களின் வழக்கம். அதற்கு மருத்துவ மறுப்பு ஏதுமில்லை. துயருற்றவரிடம் யாரும் சிரிப்பை எதிர்பார்க்காத ஓர் ஆண்டை அவ்வழக்கம் அவருக்கு அளிக்கிறது. எனினும் முதலாண்டு முடிந்ததும் துயரும் முடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டே கடினமாக இருந்தது என்று எங்களிடம் சொன்னவர்கள் பலர். முதல் ஆண்டில் உறவினர் சூழ இருந்தனர். இரண்டாம் ஆண்டில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டனர்.

“நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?” என்றும் கேட்கிறார்கள். ஐந்து கட்டங்கள் என்ற கருத்து எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. சாவை எதிர்நோக்கிய நோயாளர்களோடு உரையாடி அவர் எழுதியது அது. இழந்தவர்கள் ஏறவேண்டிய படிக்கட்டாக அதைக் கொள்வதற்கில்லை. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் முன்வைத்த கருத்து எங்கள் அனுபவத்தோடு நன்கு பொருந்துகிறது. துயருற்றவர் சில வேளை இழப்பை நோக்கித் திரும்புகிறார், சில வேளை வாழ்க்கையை நோக்கித் திரும்புகிறார்; ஊஞ்சலைப் போன்ற இந்த அசைவே இயல்பு என்கிறார்கள். ஒரே மாலையில் பிள்ளைக்குப் பேரம் பேசி ஊதல் வாங்குவதும், அடுத்த தெருமுனையில் கண் கலங்குவதும் முரண்பாடு அல்ல.

ஆகவே இத்தனை மாதம் என்று நாங்கள் கணக்குச் சொல்வதில்லை. “இவ்வாண்டு வேண்டாம்” என்பதற்கும் “இனி அந்தப் பக்கமே போகக்கூடாது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கவனிக்கிறோம். முன்னது ஓய்வு. பின்னது நாளடைவில் மாட வீதியோடு நிற்காது. அவ்வழிச் செல்லும் பேருந்தும், அவர் விரும்பிய உணவும், அவர் பெயரும்கூடத் தவிர்க்கப்படும். வீட்டில் பெயர் சொல்லப்படாதபோது பிள்ளைகளும் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

செல்ல முடிவெடுத்தால் எட்டாம் நாளில் தொடங்க வேண்டாம். சில வாரங்களுக்கு முன் ஒரு சாதாரண மாலையில் குளக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். பிறகு விழாவின் தொடக்க நாள்களில் கூட்டம் குறைந்த ஒரு மாலை. அதன்பின் அறுபத்துமூவர், அதுவும் ஒரு மணி நேரம் போதும். முன்பு நள்ளிரவுவரை நின்ற குடும்பம் என்பதற்காக இப்போதும் நிற்க வேண்டியதில்லை.

பிள்ளைகள்

இப்பகுதியில்தான் எங்கள் கவலை மிகுதி. ஒரு தாய் தம் பதினொரு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் அழைத்துச் சென்றார். (அவர் இசைவோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம்.) தந்தை இறந்தபோது சிறுவனுக்கு நான்கு வயது. “அப்பா சாமிகிட்ட போயிருக்கார்” என்று பாட்டி சொல்லியிருந்தார். பல்லக்குகள் ஒவ்வொன்றாக வந்தபோது சிறுவன் எம்பி எம்பிப் பார்த்தான். முந்தைய ஆண்டுகளில் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்தவன் என்பதால், உயரம் போதாமல் எம்புகிறான் என்றே தாய் நினைத்தார். கடைசிப் பல்லக்கும் கடந்தபின் அவன் கேட்டான்: “இத்தனை சாமி வந்துச்சு, அப்பா ஏன் வரலை?”

அவன் அதுவரை அழாதவன். அன்றிரவு முழுவதும் அழுதான். பாட்டி பொய் சொல்லவில்லை. தம் நம்பிக்கையைச் சொன்னார். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாவு மீளக்கூடிய ஒன்று. போனவர் வருவார், ஊருக்குப் போனவர், தூங்குபவர், சாமியிடம் போனவர் எல்லாரும் வருவார்கள். சாமியே வீதிக்கு வரும் நாளில் அப்பா வராதது அவனுக்கு ஏமாற்றம் மட்டுமன்று, கைவிடப்பட்டதும் ஆகும். எனவே அந்த வயதுக் குழந்தையிடம், “அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவருக்கு இப்போது வலி இல்லை. அவர் திரும்ப வரமாட்டார்” என்ற எளிய சொற்களையே முதலில் சொல்ல வேண்டும். உங்கள் சமய நம்பிக்கையை அதற்குப் பின் சேர்த்துச் சொல்லலாம். அதற்குப் பதிலாகச் சொல்வது குழந்தையைக் குழப்பும். திருவிழாவுக்குப் புறப்படும் முன்னரும், “நாம் போகிறோம், அப்பா அங்கே இருக்கமாட்டார். சித்தப்பா உன்னைத் தூக்கிக் காட்டுவார்” என்று மறுபடியும் சொல்லுங்கள். யார் தூக்குவார் என்பது குழந்தைக்கு மிகப் பெரிய செய்தி.

ஆறு முதல் ஒன்பது, பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் சாவு மீளாதது என்பதை மெல்ல அறிந்துகொள்கிறார்கள். ஆனால் அதற்குத் தாமே காரணமோ என்ற ஐயம் அவர்களைத் தின்னும். மயிலாப்பூர் விழாவுக்கு இதில் தனியான ஒரு சிக்கலும் உண்டு. எட்டாம் நாள் காலையில் பூம்பாவை நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. பாம்பு தீண்டி இறந்த சிவநேசரின் மகள், குடத்தில் வைத்திருந்த சாம்பலிலிருந்தும் எலும்பிலிருந்தும் ஞானசம்பந்தர் பாடியதும் உயிர்பெற்று எழுந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தரின் அப்பதிகம் மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போய்விட்டாய் என்று இறந்த பெண்ணைக் கேட்கும் அமைப்புடையது. துணையை இழந்தவர் ஒவ்வொரு பண்டிகையிலும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஏழாம் நூற்றாண்டிலேயே பதிகமாகியிருப்பதை எண்ணி நாங்கள் வியந்ததுண்டு.

பெரியவருக்கு ஆறுதலாகும் அக்கதை குழந்தைக்கு வேறொன்றாகலாம். தாயை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையிடம், “நாம சரியா கும்பிடலையாப்பா?” என்று கேட்டாள். பூம்பாவை எழுந்தாள், அம்மா எழவில்லை. எனவே குறை நம்மிடம்தான் என்பது அவள் கணக்கு. அவர் “அதெல்லாம் சும்மா கதைம்மா” என்று சொல்லி முடித்திருக்கலாம். “கேள்வி கேட்காதே” என்று அதட்டியிருக்கலாம். அவர் சொன்னது, “அது ரொம்ப நாளைக்கு முன்னாடி சாமி அருளால நடந்ததுன்னு பெரியவங்க சொல்றாங்க. நம்ம வீட்டுல அப்படி நடக்காது. அம்மாவுக்கு வந்தது உடம்பு நோய். நீ கும்பிட்டதுல ஒரு குறையும் இல்லை. வரமாட்டாளான்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.” எங்கள் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கு நாங்கள் இவ்விடையையே எடுத்துக்காட்டுகிறோம். நம்பிக்கையை அது இழிவு செய்யவில்லை, நோயை நோய் என்றது, குற்றவுணர்வை நேரடியாக நீக்கியது, தந்தையின் ஏக்கத்தையும் மறைக்கவில்லை.

பதின்ம வயதினர் பெரும்பாலும் “நான் வரலை” என்பார்கள். நண்பர்களோடு வேறு நேரத்தில் போய்விட்டு வரவும் கூடும். அது பாசமின்மை அன்று. வற்புறுத்தாமல், எந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்பதை மட்டும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஆனால் மூத்த பிள்ளையிடம், “இனி நீதான் வீட்டுக்கு அப்பா” என்று உறவினர் யாரேனும் சொன்னால், பெற்றோராகிய நீங்கள் அங்கேயே மறுத்துவிட வேண்டும்.

பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போதே பஞ்சுமிட்டாய் கேட்பார்கள். இதைக் கண்டு, “இதற்குள் மறந்துவிட்டானே” என்று மனம் புண்படுகிறவர்கள் உண்டு. குழந்தைகளால் துயரத்தை நீண்ட நேரம் தாங்க இயலாது. சிறிது சிறிதாகவே அதில் இறங்கி ஏறுகிறார்கள். பஞ்சுமிட்டாயை வாங்கிக் கொடுங்கள்.

வீதியில் எதிர்கொள்வன

கணவரை இழந்த பெண்கள் எங்களிடம் அதிகம் அஞ்சுவது கூட்டத்தை அன்று, பூக்காரரின் “பூ வேணுமாம்மா?” என்ற குரலையும், எதிரே வரும் பழைய அயலாரின் பார்வையையும்தான். பூவும் பொட்டும் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். மருத்துவம் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால், தாய் வாசலில் ஒதுங்கி நிற்பதையும் சுமங்கலிகளுக்கு மட்டும் குங்குமம் நீட்டப்படுவதையும் உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதைக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இது மூத்தோர்களுக்கு நாங்கள் விடுக்கும் வேண்டுகோள்; கடிந்துரை அன்று. ஒரு குடும்பத்தில் மாமியாரே தம் மருமகளின் கையைப் பிடித்து நடந்தார். அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

மனைவியை இழந்த ஆண்களின் இடர் வேறு வகை. மகளுக்கு வளையல் அளவு தெரியாது. கூட்டத்தில் பெண்குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது எப்படி என்று தெரியாது. உதவி கேட்கவும் கூச்சம். அத்தையையோ பெரியம்மாவையோ உடன் அழைத்துச் செல்வதில் இழுக்கு ஏதுமில்லை. பழைய வளையல் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்றால் அளவு பற்றிய சிக்கல் தீர்ந்தது.

இருவர் பார்த்துக்கொண்ட பிள்ளைகளை இப்போது ஒருவர் பார்க்கிறார்; அவர் கண்ணும் கலங்கியிருக்கிறது. குழந்தை தவறிப்போகும் வாய்ப்பு அந்நேரத்தில்தான் மிகுதி. இரண்டு சிறு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். கைப்பேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். பிரிந்துவிட்டால் நகராமல் நின்று, சீருடையணிந்த காவலரிடமோ கடைக்காரரிடமோ சொல்லவேண்டும் என்று பழக்குங்கள். பங்குனி வெயில் கடுமையானது. மாலை சாய்ந்தபின் செல்வது நல்லது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிடாமல் புறப்பட வேண்டாம். சர்க்கரை தாழ்ந்து வரும் படபடப்பும் நடுக்கமும் பதற்றத்தைப் போலவே தோன்றும்.

மறைந்தவரின் பெயரால் ஏதேனும் ஒன்றைச் செய்வது பலருக்குத் துணையாக இருப்பதைக் கண்டிருக்கிறோம். இறந்தவரோடுள்ள உறவை அறுத்துக்கொள்வதே தேறுதல் என்று ஒரு காலத்தில் மருத்துவ நூல்கள் கருதின. 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல் அக்கருத்தை மாற்றியது. உறவு வேறு வடிவில் தொடர்வதே பலருக்கும் இயல்பு என்று காட்டியது. திவசம் கொடுக்கும் நம் மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. மேலே சொன்ன தாய், அடுத்த ஆண்டு பல்லக்கின் அருகே செல்லவில்லை. உறவினர் கடை வாசலில் ஒரு பானை நீர்மோர் வைத்தார். மகள் ஊற்றினாள், மகன் குவளையை நீட்டினான். “இது எங்க அப்பா மோர்” என்று குடித்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னானாம்.

இவ்விதழைப் படிப்பவர்களுள் நோயாளர்களும் உண்டு. தம் நோய் எங்கு செல்கிறது என்பதை அறிந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்: உங்களுக்கு மனமிருந்தால், திருவிழாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் இப்போதே பேசுங்கள். எந்தக் கடையில் சொப்பு நன்றாக இருக்கும், எந்த முனையில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று சொல்லுங்கள். “நான் இல்லாவிட்டாலும் போய்வாருங்கள்” என்று தந்தையோ தாயோ வாய் திறந்து சொன்ன வீடுகளில், போகலாமா என்ற கேள்வி பின்னர் யாரையும் அவ்வளவாக வருத்துவதில்லை.

எப்போது எங்களிடம் வரவேண்டும்?

திருவிழா முடிந்த சில நாள்கள் தூக்கம் கெடலாம். குழந்தை படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம், தனியே படுக்க மறுக்கலாம். ஓரிரு வாரங்களில் இவை தணியும். தணியாவிட்டால் வாருங்கள். இழப்பு நேர்ந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் நாள்தோறும் தாங்கவொண்ணாத ஏக்கம் வாட்டி, வேலையும் வீடும் நின்றுபோயிருந்தால் அதை நீடித்த துயர நோய் என உலக சுகாதார நிறுவனத்தின் 2022-இல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு கூறுகிறது. அமெரிக்க வகைப்பாடு பெரியவர்களுக்கு 12 மாதங்களையும், குழந்தைகளுக்கு 6 மாதங்களையும் எல்லையாகக் கொள்கிறது. இதற்கெனத் தனியான பேச்சு சிகிச்சை உண்டு. உடன் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது எந்நேரமும் கட்டணமின்றி 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். பிள்ளை அவ்வாறு சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னதுபோல் தோன்றினாலும், அழைத்து வாருங்கள்.

துணையை இழந்தவர்கள் எங்கள் பிரிவுக்கு வரப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. சிகிச்சை பெற்றவரின் பழைய கோப்பு எண் நினைவில் இல்லாவிட்டாலும் பதிவு அறையில் பெயரைச் சொன்னால் போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்து வரலாம். காத்திருக்கும் அறையில் வரைவதற்குத் தாளும் வண்ணக்குச்சிகளும் வைத்திருக்கிறோம்.